பத்மநாபனுக்குப் பாடிய காதல் பாட்டுகள்

நம் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு வரும் மாணவி ஒருத்தி, பதினோராம் வகுப்பில் படிப்பவள், சில வாரங்களுக்கு முன் என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள். ஜப்பானியப் பாட்டுகளில் அவளுக்கு மிகுந்த ஈடுபாடு. உதாதா ஹிகாரு என்னும் ஜப்பானியப் பாடகர் தமது 16-ஆம் வயதில், 1999-இல், 'ஃபர்ஸ்ட் லவ்' என்ற ஆல்பத்தை வெளியிட்டார். முதற்காதல் என்று பொருள். பாட்டுகளைப் பெரும்பாலும் தாமே எழுதி, தாமே மெட்டமைத்து, தாமே பாடினார். ஜப்பானில் மட்டும் 70 லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்ற ஆல்பம் அது.

"சார், அந்தப் பாட்டுல 'நான்'னு வந்தா அது பாடறவங்களேதான். ஆனா டான்ஸ் கிளாஸ்ல எனக்குச் சொல்லிக்கொடுக்கிற பதத்துல 'நான்'னு சொல்றது ஒரு பொண்ணு. எழுதினது சுவாதித் திருநாள் மகாராஜா. அப்போ அது யாரோட காதல்?" என்றாள்.

அடுத்த வாரம் அவளை அழைத்துப் போக வந்த தாயார் வேறொரு கேள்வியோடு வந்தார். "அர்த்தம் கேட்டா யாரும் நேரா சொல்ல மாட்டேங்கறாங்க. சொன்னப்புறம் எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு. இந்த வயசுல இது வேணுமா சார்?"

இரண்டும் நல்ல கேள்விகள். சாலை, வலியசாலை, கரமனை, கோட்டைப்பகுதி என்று நாம் குடியிருக்கும் தெருக்களில் பெண் பிள்ளைகள் நடனம் கற்கும் வீடுகள் குறைவல்ல. அந்த வீடுகளிலெல்லாம் இந்தப் பதங்கள் பாடப்படுகின்றன. ஆகவே இம்மாதப் பாடத்தை இதற்கே ஒதுக்கினேன்.

சுவாதித் திருநாள் பிறந்தது 1813-இல். தாய் கௌரி லட்சுமிபாய் ஆட்சிப் பொறுப்பில் இருந்த காலம் அது. அவர் மறைந்த பின் சிற்றன்னை கௌரி பார்வதிபாய் நாட்டைக் கவனித்துக்கொண்டார். 1829-இல், 16 வயதில், சுவாதித் திருநாள் ஆட்சியை ஏற்றார். (ஜப்பானியப் பாடகருக்கும் அதே வயதுதான் என்பதை என் மாணவி உடனே கண்டுபிடித்துவிட்டாள்.) 1846-இல், 33 வயதில், காலமானார். இந்த 17 ஆண்டுகளுக்குள் ஊரில் ஆங்கிலப் பள்ளியும் வானாய்வுக்கூடமும் தோன்றின. ஆங்கிலேய ரெசிடெண்டான கல்லனோடு ஓயாத மனத்தாங்கலும் இருந்தது. அந்த அரசியல் நமக்கு இங்கே வேண்டாம். சமஸ்கிருதம், மலையாளம், தெலுங்கு, கன்னடம், இந்துஸ்தானி எனப் பல மொழிகளில் அவர் பெயரால் 400-க்கும் மேற்பட்ட பாடல்கள் வழங்குகின்றன. கீர்த்தனை, வர்ணம், தில்லானா, ஜாவளி என்று பல வகை. அவற்றுள் காதலுக்கென்றே அமைந்த வகைதான் பதம்.

பதத்தின் உறுப்புகள் கீர்த்தனைக்கு உள்ளவையே: பல்லவி, அனுபல்லவி, சரணங்கள். வேறுபாடு நடையிலும் நோக்கத்திலும் இருக்கிறது. கீர்த்தனை தெய்வத்தைப் பார்த்துப் பேசும். பதத்தில் பெரும்பாலும் ஒரு பெண் தன் தோழியைப் பார்த்துப் பேசுவாள், அல்லது வராத தலைவனை நினைத்துப் பேசுவாள். தாளம் விளம்பத்தில், அதாவது மிக மெதுவாக, நடக்கும். ஒரே வரியைப் பாடகர் திரும்பத் திரும்பப் பாட, ஆடுபவர் ஒவ்வொரு முறையும் அதே வரிக்கு வேறு வேறு பொருள் காட்டுவார். 'அவர் வரவில்லை' என்ற ஒரு செய்தியைக் கோபமாக, ஏக்கமாக, கேலியாக, தன்னையே நொந்துகொள்வதாகக் காட்டலாம். அதற்கு நேரம் வேண்டும். ஆகவேதான் அந்த மெதுவான நடை. இன்று சில மேடைகளில் பதத்தைக் கீர்த்தனையின் வேகத்தில் பாடித் தள்ளிவிடுகிறார்கள். அப்படிப் பாடினால் பதம் என்ற பெயர் மட்டும்தான் மிஞ்சும் என்பது என் எண்ணம்.

அரண்மனை என்னும் ஒலிப்பதிவுக்கூடம்

இன்று ஓர் ஆல்பம் உருவாக வேண்டுமானால் எழுதுபவர், மெட்டமைப்பவர், வாத்தியக்காரர்கள், பாடுபவர், ஒலிப்பதிவாளர் என்று பலர் ஓரிடத்தில் கூட வேண்டும். இதே ஊரில் 1980-இல் கே. ஜே. ஜேசுதாஸ் தரங்கிணி என்ற ஒலிப்பதிவுக்கூடத்தைத் தொடங்கினார். 1992-இல் அது சென்னைக்கு மாறும் வரை இங்கே எத்தனையோ பாடல்கள் அப்படித்தான் உருவாயின. 1830-களில் அந்த வேலை கோட்டைக்குள், பத்மநாபசுவாமி கோயிலை ஒட்டிய அரண்மனையில் நடந்தது. அவர் காலத்தில் எழுந்த குதிரைமாளிகையை நம்மில் பலர் வெளியூர் விருந்தினரை அழைத்துப் போய்க் காட்டியிருப்போம். கூரையின் கீழ் வரிசையாக 122 மரக்குதிரைகள். வழிகாட்டி குதிரைகளைத்தான் எண்ணச் சொல்வார். உள்ளே நடந்த பாட்டு வேலையை நாம்தான் நினைத்துக்கொள்ள வேண்டும்.

அந்த வேலைக்கு வந்தவர்களில் முதலில் சொல்ல வேண்டியவர்கள் நம்மவர்கள். சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்னும் தஞ்சை நால்வர். முத்துசாமி தீட்சிதரிடம் பயின்றவர்கள். அலாரிப்பு, ஜதிஸ்வரம், சப்தம், வர்ணம், பதம், தில்லானா என்று இன்று நம் பிள்ளைகள் அரங்கேற்றத்தில் ஆடும் வரிசையை ஒழுங்குபடுத்தியவர்கள் இவர்களே. தஞ்சை அரண்மனையில் ஏற்பட்ட மனவேறுபாட்டால் தெற்கே வந்தார்கள் என்பர். சின்னையா பின்னர் மைசூர் அரசவைக்குச் சென்றார். பொன்னையாவும் சிவானந்தமும் தஞ்சைக்குத் திரும்பினார்கள். இளையவரான வடிவேலு இங்கேயே தங்கிவிட்டார். ஏறக்குறைய அரசரின் வயதுதான் அவருக்கும். மேல்நாட்டு வாத்தியமான வயலினை நம் இசைக்குப் பழக்கிய முன்னோடிகளில் ஒருவர் அவர். 1834-இல் அரசர் அவருக்குத் தந்தத்தால் செய்த வயலின் ஒன்றைப் பரிசளித்தார்.

பதங்களின் சொற்கள் அரசருடையவை. மெட்டில் வடிவேலுவின் கை எவ்வளவு, அரசரின் கை எவ்வளவு என்று இன்று பிரித்துப் பார்க்க வழியில்லை. நடனத்துக்கான வர்ணங்களிலும் பதங்களிலும் தஞ்சையின் வார்ப்பு நன்றாகவே தெரிகிறது. ஒரு மலையாள அரசரும் ஒரு தமிழ் நட்டுவனாரும் ஒரே விளக்கின் கீழ் உட்கார்ந்து, ஆடப்போகிற பெண்ணின் மூச்சையும் அடியையும் கணக்கிட்டுப் பாட்டுச் செய்திருக்கிறார்கள் என்று நான் நினைத்துப் பார்ப்பதுண்டு.

இன்னொருவர் இரயிம்மன் தம்பி (1782–1856). சுவாதித் திருநாள் குழந்தையாக இருந்தபோது அவரைத் தூங்கவைக்கத் தாலாட்டுப் பாடியவர். மலையாளக் குடும்பங்களில் இன்றும் அந்தத் தாலாட்டு தெரியாத பாட்டி கிடையாது. அதே தம்பி பின்னாளில் காம்போதி ராகத்தில் ஒரு பதம் எழுதினார். கணவனோடு கழித்த இரவைத் தோழியிடம் ஒளிவுமறைவில்லாமல் சொல்லும் பதம். பல ஆசிரியைகள் அந்தப் பாட்டைப் பட்டியலிலேயே சேர்ப்பதில்லை! தாலாட்டும் அதுவும் ஒரே பேனாவிலிருந்து வந்தவை என்று சொன்னால் நம் தாய்மார்கள் நம்பமாட்டார்கள்.

சொல்லைத் திறந்து பார்ப்போம்

இனிப் பாடத்துக்கு வருவோம். அரசரின் பதங்களில் பெரும்பாலானவை மணிப்பிரவாள மலையாளத்தில் அமைந்தவை. அதாவது வடசொல்லும் இந்நாட்டுச் சொல்லும் ஒரே நூலில் கோத்தவை. அந்த இந்நாட்டுச் சொற்களில் பாதி நமக்குச் சொந்தம். பெயரளவில் மூன்று பதங்களை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

முதலாவது, சுருட்டி ராகத்துப் பதமான 'அலர்சர பரிதாபம்'. அலர் என்றால் மலர். சரம் என்றால் அம்பு, இது வடசொல். மலரம்பு உடையவன் மன்மதன். பரிதாபம் என்றதும் நம் பிள்ளைகள் 'ஐயோ பாவம்' என்று பொருள்கொள்கிறார்கள். தமிழில் அந்தச் சொல் இரக்கத்துக்குப் போய்விட்டது. வடமொழியில் அதற்கு வேதல், எரிதல் என்று பொருள். ஆக, மன்மதனால் உண்டாகும் வெப்பம். அந்த வேதனையைச் சொல்வதே அரிதாயிருக்கிறது என்று தோழியிடம் நாயகி சொல்வதாகப் பதம் தொடங்குகிறது. இரக்கம் என்று நினைத்துக்கொண்டு முகத்தைச் சோகமாக வைத்து ஆடினால் பாட்டு ஒரு பக்கம், ஆட்டம் ஒரு பக்கம் போய்விடும்.

அலர் என்ற சொல்லில் நமக்கு இன்னொரு செல்வமும் இருக்கிறது. சங்க அகப்பாடல்களில் அலர் என்றால் ஊரார் வெளிப்படையாகப் பேசும் காதற்பேச்சு. அதற்கு முந்திய நிலை அம்பல். காதோடு காதாக, சிலர் மட்டும் முணுமுணுப்பது. அம்பல் மொட்டு, அலர் மலர் என்று உரைகாரர்கள் விளக்குவார்கள். மறைத்து வைத்த காதல் மொட்டாக இருந்து, ஊர்வாயில் மலர்ந்துவிடுகிறது. இதை வகுப்பில் சொன்னபோது பிள்ளைகள் சிரித்தார்கள். அவர்கள் பள்ளியிலும் அதே கதைதானாம்.

இரண்டாவது, ஆகிரி ராகத்தில் அமைந்த 'பனிமதிமுகி பாலே'. பனிமதி என்றால் குளிர்ந்த நிலவு. முழுத் தமிழ். ஆனால் இங்கே பேச்சு மலையாளத்தில் பனி என்றால் காய்ச்சல். இவ்வூருக்குப் புதிதாகக் குடிவந்தபோது, பக்கத்து வீட்டம்மா 'குழந்தைக்குப் பனி' என்று சொல்ல, மே மாத வெயிலில் ஏது பனி என்று திகைத்தவர்கள் நம்மில் நிறையப் பேர் இருப்பார்கள். பதத்தில் வருவது காய்ச்சல் அல்ல, நிலவின் குளிர்ச்சி. 'பாலே' என்பது பாலும் அல்ல. 'பாலா' என்ற வடசொல்லின் விளி, 'இளம்பெண்ணே' என்று தோழியை அழைப்பது. நிலவு போன்ற முகமுடையவளே என்று தோழியைக் கூப்பிட்டு, தலைவன் வராத துயரை அவளிடம் சொல்கிறாள்.

ஆகிரியைக் காலையில் பாடினால் அன்று சோறு கிடைக்காது என்று பாடகர்களிடையே ஒரு வேடிக்கைப் பேச்சு உண்டு. அவ்வளவு துயரம் தோய்ந்த ராகம். 1993-இல் வந்த 'மணிச்சித்திரத்தாழ்' படத்தில், பழந்தமிழ்ப் பாட்டைப் பற்றியே பேசும் பாடல் ஒன்றுக்கு எம். ஜி. ராதாகிருஷ்ணன் இதே ராகத்தைத்தான் எடுத்துக்கொண்டார். அந்தப் படத்தின் நாகவல்லி தஞ்சையிலிருந்து இங்கே கொண்டுவரப்பட்ட ஆடற்பெண். தஞ்சைப் பெண், ஆடல், காதல், துயரம் என்ற கோவை மலையாளிகளின் நினைவில் எவ்வளவு ஆழத்தில் கிடக்கிறது என்பதற்கு அந்தப் படம் ஒன்றே போதும்.

மூன்றாவது, குறிஞ்சி ராகத்து 'அளிவேணி எந்து செய்வு'. எந்து செய்வு என்பது நம் 'என் செய்வேன்'. வேணி என்றால் பின்னல். அளி என்றால் வண்டு. வண்டைப் போலக் கருத்த பின்னலையுடைய தோழியே, நான் என் செய்வேன் என்பது பொருள். அளி என்ற சொல்லுக்கு வண்டு என்ற பொருள் நம் நிகண்டுகளிலும் உண்டு. ஆனால் தமிழ்நாட்டில் இன்று பேச்சில் கேட்க முடியாது. தொலைந்த சாவி பக்கத்து வீட்டு ஆணியில் தொங்குவதைப் போல, சொற்கள் சில இப்படி மலையாளப் பாட்டில் நமக்குத் திரும்பக் கிடைக்கின்றன.

இன்னும் ஒன்று. பாட்டில் எந்த எழுத்து எங்கே ஒத்து வரவேண்டும் என்பதைப் பற்றி அரசர் சமஸ்கிருதத்தில் 'முகனாப்ராஸ அந்த்யப்ராஸ வ்யவஸ்தா' என்று ஒரு சிறுநூலே எழுதினார். பெயர் அச்சமூட்டும். பொருள் நம் எட்டாம் வகுப்புப் பாடம்தான்: மோனை, எதுகை, இயைபு ஆகியவற்றின் உறவினர்களைப் பற்றிய இலக்கணம். காதல் பாட்டு எழுதுகிறவர் உணர்ச்சிவசப்பட்டால் போதும் என்று நினைக்கும் இன்றைய இளங்கவிஞர்களுக்கு இதைச் சொல்லிவைக்கிறேன்.

யார் அந்த 'நான்'?

இனி மாணவியின் கேள்வி. எழுதியவர் ஆண், பேசுகிறவள் பெண், அப்படியானால் காதல் யாருடையது?

அகப்பாடலை ஓரளவு படித்தவர்களுக்கு இதில் வியப்பு இல்லை. சங்கப் புலவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். அவர்கள் தலைவியாகப் பேசினார்கள், தோழியாகப் பேசினார்கள், செவிலித்தாயாகவும் பேசினார்கள். பேசுபவர் யார் என்பது பாட்டின் அமைப்பைச் சேர்ந்தது. புலவரின் வாழ்க்கையைச் சேர்ந்தது அல்ல. அகத்திணையில் தலைவன், தலைவியின் இயற்பெயரைச் சொல்லவே கூடாது என்பது தொல்காப்பியர் விதி. பெயர் சொன்னால் அது ஒருவரின் கதை ஆகிவிடும். சொல்லாவிட்டால் எல்லாருடைய கதையும் ஆகும்.

பக்தி இலக்கியக் காலத்தில் அந்த விதி ஒரு பக்கம் தளர்ந்தது. தலைவனுக்குப் பெயர் வந்தது. அது இறைவனின் பெயர். நம்மாழ்வார் பராங்குச நாயகியானார், திருமங்கையாழ்வார் பரகால நாயகியானார். இதிலும் நமக்கு ஓர் ஊர்ப்பெருமை உண்டு. நம்மாழ்வார் திருவாய்மொழியின் பத்தாம் பத்தில் இந்தத் திருவனந்தபுரத்தையே ஒரு திருப்பதிகமாகப் பாடியிருக்கிறார். சுவாதித் திருநாளுக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே, இங்கே பாம்பணையில் கிடக்கும் பெருமாள் தமிழில் பாடப்பட்டுவிட்டார். வடக்கே ஜெயதேவர் 12-ஆம் நூற்றாண்டில் எழுதிய கீதகோவிந்தம் கேரளக் கோயில்களின் சோபானத்தில் இடைக்கையோடு பாடப்பட்டு வந்தது. அதிலும் தோழி நடுவில் நிற்கிறாள். இந்த இரண்டு ஆறுகளும் கலக்கும் இடத்தில் இருந்துதான் அரசர் எழுதினார். அவருடைய பதங்களில் தலைவன் பத்மநாபன். சரசிஜநாபன், ஜலஜநாபன், பங்கஜநாபன் என்று தாமரை உந்தியைக் குறிக்கும் பெயர்களை மாற்றி மாற்றி முத்திரையாக வைப்பார்.

ஆனால் ஆழ்வாருக்கும் அரசருக்கும் ஒரு வேறுபாடு இருக்கிறது. அதுதான் மாணவியின் கேள்விக்கு எனக்குப் பட்ட விடை. 1750-இல் மார்த்தாண்டவர்மா நாட்டையே பத்மநாபனுக்கு எழுதிவைத்தார். திருப்படிதானம் என்று சொல்வார்கள். அதன் பிறகு திருவிதாங்கூர் அரசர்கள் அனைவரும் பத்மநாபதாசர்கள். நாடு சுவாமிக்குச் சொந்தம், அரசர் ஊழியர். பகல் முழுவதும் ஊரே கைகட்டி நிற்கும் ஒருவர், சட்டப்படி ஊழியராகவும் பாட்டுப்படி நாயகியாகவும் இருக்கிறார். காத்திருப்பது, கதவு திறக்காதா என்று பார்ப்பது, வராதவரிடம் கோபித்துக்கொள்ளக்கூட உரிமை உண்டா என்று தயங்குவது ஆகியவை அரசருக்குப் பழக்கமில்லாத உணர்ச்சிகள். அவற்றை அவர் பெண்ணின் குரலில்தான் பேச முடிந்தது. ஜப்பானியப் பாடகரின் ஆல்பத்தில் கேட்பவர்கள் பாடுபவரின் மனத்தைத் தேடுகிறார்கள். பதத்திலோ எழுதியவர் தம்மை ஒதுக்கிக்கொண்டு ஓர் இடத்தைக் காலியாக விடுகிறார். அந்த இடத்தில் ஆடுகிற பெண் வந்து நிற்கிறாள், பார்க்கிறவரும் வந்து நிற்கலாம். இரண்டுமே காதல் பாட்டுதான். எது உயர்ந்தது என்ற பட்டிமன்றம் எனக்குத் தேவையில்லை.

அரசருக்கும் ஓர் ஆடற்பெண்ணுக்கும் இருந்த அன்பைப் பற்றிய கதைகள் இவ்வூரில் நிறைய உலவுகின்றன. லெனின் ராஜேந்திரன் 1987-இல் எடுத்த 'சுவாதித் திருநாள்' படம் அவற்றை இன்னும் பரப்பியது. அனந்த் நாக் அரசராக நடித்தார், இசைப்பொறுப்பு எம். பி. சீனிவாசனுடையது. அந்தப் படத்தின் ஒலிநாடாக்கள் வழியாகத்தான் நான் பழகிய பல குடும்பங்களுக்கு இந்தப் பாட்டுகள் வந்து சேர்ந்தன. படம் நன்று. ஆனால் ஒவ்வொரு பதத்துக்கும் பின்னால் ஓர் உண்மைச் சம்பவத்தைத் தேடுவது பாட்டைச் சிறிதாக்கும்.

தொலைந்த மெட்டுகள்

அரசர் மறைந்த பின் 1847-இல் பட்டத்துக்கு வந்த தம்பி உத்திரம் திருநாளுக்குக் கதகளியில்தான் நாட்டம். வெளியூர் வித்துவான்களுக்கு ஆதரவு குறைந்தது. பதங்களின் சொற்கள் ஏட்டில் இருந்தன. மெட்டுகளோ பாடுபவர்களின் தொண்டையில் இருந்தன. கோயிலிலும் அரண்மனையிலும் பாடிவந்த முல்லமூடு பாகவதர்கள் சிலவற்றைக் காத்தார்கள். ஆடிய பெண்களிடம் சில இருந்தன. 1930-இல் திருவிதாங்கூர்க் கோயில்களில் தேவதாசி முறை நிறுத்தப்பட்டது. அது செய்ய வேண்டிய சீர்திருத்தம்தான்; ஆனால் அந்தப் பெண்களோடு அவர்கள் பாடிய பாட்டும் வீட்டுக்குள் ஒடுங்கியது.

1939-இல் சுவாதித் திருநாள் பெயரால் இசைப்பள்ளி தொடங்கியபோது முதல்வராக வந்தவர் திருநெல்வேலிச் சீமையின் அரிகேசநல்லூர் முத்தையா பாகவதர். அவருக்குப் பின் 1942 முதல் 1963 வரை செம்மங்குடி சீனிவாச ஐயர். இவ்விருவரும் கிடைத்த மெட்டுகளைத் திரட்டினார்கள். கிடைக்காதவற்றுக்குப் புதிதாக மெட்டமைத்தார்கள். ஆகவே நாம் இன்று கேட்பதில் ஒரு பகுதி 19-ஆம் நூற்றாண்டுச் சொல், 20-ஆம் நூற்றாண்டு இசை. 1980-களில் வீணை எஸ். பாலச்சந்தர் இதையெல்லாம் கிளறி, அரசர் இவற்றை இயற்றினார் என்பதையே கேள்விக்குள்ளாக்கியபோது பெரும் சர்ச்சை எழுந்தது. அரசர் இயற்றவில்லை என்ற முடிவை நான் ஏற்கவில்லை. ஆனால் 'எது பழைய மெட்டு, எது புதிய மெட்டு' என்று கேட்பது அவமதிப்பு ஆகாது. மாணவர்கள் கேட்கத்தான் வேண்டும். செம்மங்குடி பாணியில் கச்சேரி மேடைக்குப் போன பதங்கள் கம்பீரமாக இருக்கின்றன. அபிநயத்துக்கு வேண்டிய தளர்ந்த நடை சிலவற்றில் குறைந்துவிட்டது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

இன்னொரு செய்தியையும் இங்கே சேர்க்கிறேன். ஆண்டுதோறும் பத்மநாபபுரத்திலிருந்து சரஸ்வதி ஊர்வலமாக வந்து கோட்டைக்குள் எழுந்தருளும் நவராத்திரி மண்டபத்தில், சுவாதித் திருநாளின் நவராத்திரிக் கீர்த்தனைகள் ஒன்பது நாளும் பாடப்படுகின்றன. அந்த மேடையில் முதன்முதலாக ஒரு பெண் பாடியது 2006-இல். பாறசாலை பொன்னம்மாள் பாடினார். பெண்ணின் குரலில் இவ்வளவு பாட்டு எழுதியவரின் மண்டபத்தில் பெண்ணின் குரல் ஒலிக்க அவ்வளவு காலம் ஆயிற்று.

இனி அந்தத் தாயாரின் கேள்வி. பதத்தில் உள்ள சிருங்காரத்தைக் குறைத்து, நடனத்தைப் பக்தியின் பக்கம் நகர்த்த வேண்டும் என்று ருக்மிணிதேவி (1904–1986) கருதினார். சிருங்காரம்தான் நடனத்தின் உயிர் என்றார் பாலசரஸ்வதி (1918–1984). 1975-இல் தமிழிசைச் சங்கத்தில் ஆற்றிய தலைமையுரையில் அவர் ஆட்ட வரிசையை ஒரு கோயிலுக்குள் நடந்து போவதற்கு ஒப்பிட்டார். அலாரிப்பு கோபுரம், மண்டபங்களைக் கடந்து, வர்ணத்தின் பேரவையைத் தாண்டி, பதத்துக்கு வரும்போது கர்ப்பக்கிருகத்தின் குளிர்ந்த அமைதிக்குள் நுழைகிறோம் என்றார். என் சாய்வு பாலசரஸ்வதியின் பக்கம். ஆனால் கோபுரத்திலிருந்து கர்ப்பக்கிருகத்துக்கு ஒரே தாவலில் யாரும் போவதில்லை. பத்து வயதுக் குழந்தைக்கு விரகதாபத்தைக் கற்பித்து, கண்ணைச் சுழற்றச் சொல்லி, போட்டியில் பரிசு வாங்க வைப்பது எனக்கும் ஒப்புதல் இல்லை. தாலாட்டு இருக்கிறது, கிருஷ்ணனின் குறும்பு இருக்கிறது, அவற்றில் தொடங்கலாம். பதினாறு, பதினேழு வயதில், காத்திருத்தல் என்றால் என்னவென்று கொஞ்சம் தெரிந்த பின் பதம் வரட்டும். வரும்போது பொருளோடு வரட்டும். 'இதெல்லாம் ஜீவாத்மா பரமாத்மா' என்று ஒரே வாக்கியத்தில் மூடிவிடுவதும் சரியில்லை. அந்த உவமை காதலைப் பற்றி முதலில் உண்மை பேசினால்தான் கடவுளைப் பற்றியும் உண்மை பேசும். தாயாரிடம் இதைத்தான் சொன்னேன். தாமே சொற்பொருளை எழுதி மகளோடு உட்கார்ந்து படிக்கப் போவதாகச் சொன்னார்.

மற்ற பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். சனவரி முதல் பாதியில் குதிரைமாளிகை முற்றத்தில் சுவாதி சங்கீத உற்சவம் நடைபெறும். கட்டணம் கிடையாது. பிள்ளைகளை அழைத்துப் போய், ஒரு பதமாவது வரும் வரை பொறுமையாக உட்காரவையுங்கள்.

வகுப்புப் பிள்ளைகளுக்கு இம்மாதப் பயிற்சி: நடன நோட்டில் உள்ள ஒரு பதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் பாட்டிக்குப் பொருள் தெரியும் சொற்களின் கீழ் நீலக்கோடு போடுங்கள். பக்கத்து வீட்டு மலையாள அம்மச்சிக்குத் தெரியும் சொற்களின் கீழ் சிவப்புக்கோடு போடுங்கள். இரண்டு கோடும் விழும் சொற்களைத் தனியே எழுதி, எதுகை எங்கெங்கே விழுகிறது என்றும் குறித்துக்கொண்டு வாருங்கள். கோடே விழாத சொற்களுக்கு அகராதியை நான் கொண்டு வருகிறேன்.